பழைய மலிவு எலக்ட்ரிக் கிட்டார்: துரு, களிம்பு, ஒரு பிக்கப் ஊமை. எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சுருதி:

நண்பர்களே, வணக்கம். பல வருடம் பரணில் கிடந்த ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்திருக்கிறது. தலைப்பகுதியில் பெயர் எதுவும் இல்லை, லோகோ விழுந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்தான் இருக்கின்றன. பின்பக்கம் நெக்கைப் பிடித்திருக்கும் தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்திருக்கிறது. இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்), ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு ட்ரெமோலோ கை. அறுபதுகளில் வந்த மலிவு ரகம் என்று நினைக்கிறேன்.

கம்பியெல்லாம் துரு. ஃப்ரெட்டுகளின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஓரத்தில் பச்சையாகக் களிம்பு, ஃப்ரெட்போர்டில் பழைய கை அழுக்கு கெட்டியாக ஒட்டிக் கிடக்கிறது, உள்ளே பூஞ்சை வாடை. ஒரு ட்யூனிங் கீ திரும்பவே மறுக்கிறது. 12வது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே ஒரு பென்சிலையே நுழைத்துவிடலாம் போல உயரம். ஆம்ப்ளிஃபையரில் செருகினால் முன் பிக்கப் பேசுகிறது, பின் பிக்கப் சுத்தமாக ஊமை. வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். ஹம் வேறு. கம்பியைத் தொட்டால் ஹம் குறையவில்லை, ஆனால் ஜாக்கைச் சுற்றியுள்ள உலோகத்தைத் தொட்டால் உடனே அடங்குகிறது.

எதை முதலில் செய்வது? டபிள்யூடி-40 அடித்துத் துடைத்தால் போதுமா, பிக்கப் இரண்டையும் மாற்றிவிடலாமா, பெயிண்ட் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா? சால்டரிங் கொஞ்சம் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. இந்தக் கிட்டாரை வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

மரமும்கம்பியும்:

முதலில் நெக். துடைப்பது, பளபளப்பாக்குவது, பிக்கப் மாற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம். பழைய மலிவு கிட்டாரில் நெக் நேராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே சரி செய்துவிடலாம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மற்றதில் செய்கிற வேலையெல்லாம் வீண்.

அந்தத் தகட்டு வாசகத்தைக் கவனியுங்கள். நெக்குக்குள் இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலும் அது நெக்கின் வளைவைத் திருப்பிச் சரி செய்யக்கூடிய ட்ரஸ் ராட் என்னும் கம்பியாக இருக்காது, வெறும் பட்டைதான். சில மாடல்களில் உண்மையான ட்ரஸ் ராடும் உண்டு, அதனால் தலைப்பகுதியிலும் நெக்கின் அடிமுனையிலும் அதைத் திருகும் நட் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுகிப் போயிருந்தால் பலம் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

பழைய கம்பியைக் கழற்றும் முன் ஒரு வேலை: பிரிட்ஜ், அதாவது உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை, உடம்பில் திருகப்பட்டிருக்கிறதா, கம்பியின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் அதன் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு தேட வேண்டிவரும். தேடினாலும் வழி இருக்கிறது: நட்டிலிருந்து (இது திருகு நட் அல்ல, தலைப்பகுதி ஓரத்தில் கம்பிகள் உட்காரும் காடிப் பட்டை) 12வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் பிரிட்ஜ் ஏறக்குறைய அங்கேதான் வரும், தடித்த கம்பிகளுக்கு ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி.

திரும்பாத கீயை இழுத்து உடைத்துவிடாதீர்கள். பல்சக்கரம் வெளியே தெரியும் ரகம்தானே, அதில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். கம்பி கட்டாத நிலையில் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இளகிவிடும்.

அப்புறம் புதிய மெல்லிய கம்பி, 9லிருந்து 42 வரை உள்ள செட் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்), கட்டி முழுச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். நெக்கின் வளைவைக் கம்பி இழுவிசையோடு பார்த்தால்தான் உண்மை தெரியும். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது 7வது, 8வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் என்றால் அருமை. அரை மில்லிமீட்டர் வரை சமாளிக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் அனுபவமுள்ள கிட்டார் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மெல்லிய ஈ கம்பியிலும் இதையே செய்யுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் முறுக்கு இருக்கிறது.

நெக் நேராக இருந்தும் 12வது ஃப்ரெட்டில் அவ்வளவு உயரம் என்றால், நெக் உடம்போடு சேரும் கோணம்தான் காரணம். அதற்கு ஷிம் போட வேண்டும். கம்பியைத் தளர்த்திய பிறகுதான் பின்பக்க ஸ்க்ரூ நான்கையும் தொட வேண்டும். நெக்கைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் பிரிட்ஜ் பக்கம் இருக்கும் முனையில் கெட்டி அட்டையோ மெல்லிய மரச் சீவலோ வைத்து மறுபடி இறுக்குங்கள். தலைப்பகுதி லேசாகப் பின்னால் சாயும், கம்பி இறங்கும். அரை மில்லிமீட்டர் தடிமன் போதாதே என்று தோன்றும், ஆனால் அது 12வது ஃப்ரெட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைத்துவிடும். தடித்த ஈ கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லியது 1.6 பக்கம் வந்தால் நன்றாக வாசிக்கலாம்.

நட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கூடுதல் ஃப்ரெட் இருக்கிறதா? அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்களில் ஜீரோ ஃப்ரெட் சகஜம். அதில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருந்தால், விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் ஜிங் என்று அடிக்கும். அந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடும்.

ஈயப்புகை:

மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன். ஹம் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஜாக்கைத் தொட்டால் அடங்குகிறது, கம்பியைத் தொட்டால் அடங்கவில்லை என்றால் கம்பிகளுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. பிரிட்ஜுக்கோ ட்ரெமோலோ தகட்டுக்கோ அடியில் ஒரு வயர் முனை வெறுமனே நசுங்கி உட்கார்ந்திருக்கும், அந்த இடம் துருப்பிடித்தால் தொடர்பு போய்விடும். தகட்டைத் தூக்கி, உலோகத்தைப் பளிச்சென்று உப்புத்தாளில் தேய்த்து, வயர் முனையைப் புதிதாகச் சீவி வையுங்கள். கம்பிக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எர்த் இணைப்பு இல்லாத, இரண்டே முள் பிளக் உள்ள பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரில் இந்தக் கிட்டாரைச் செருகாதீர்கள். கம்பியைத் தொட்டதும் சுர்ரென்று உணர்ந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஊமைப் பிக்கப்பைத் திறக்காமலே பாதி தெரிந்துகொள்ளலாம். கிட்டாரில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் ஓம் அளவு எடுங்கள். வால்யூம் முழுசாக, ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் சுவிட்ச் மட்டும் போட்டு. நல்ல சிங்கிள் காயில் பிக்கப் என்றால் பொதுவாக 5 முதல் 8 கிலோ ஓம் பக்கம் வரும், இந்த ரகத்தில் இன்னும் குறைவாகவும் வரலாம். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். 250 அல்லது 500 கிலோ ஓம் பக்கம் காட்டினால் நீங்கள் அளந்தது பிக்கப்பை அல்ல, வால்யூம் பாட்டை (‘பாட்’ என்றால் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்). அதாவது பிக்கப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது: சுவிட்ச், வயர், காயில் மூன்றில் ஒன்று.

டபிள்யூடி-40 வழக்கமான டப்பாவை பாட்டுக்குள் அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். எலக்ட்ரானிக் கான்டாக்ட் க்ளீனர், உதாரணமாக டீஆக்ஸிட், வாங்குங்கள். பாட்டின் மூன்று காலுக்கு மேலே ஒரு சந்து இருக்கும், அங்கே ஒரு சின்ன பீய்ச்சல், உடனே தண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். சுவிட்சுகளுக்கும் அதே. அதற்கு மேலும் கரகரத்தால் உள்ளே கார்பன் தடமே தேய்ந்திருக்கிறது, அப்போது மட்டும் பாட்டை மாற்றுங்கள்.

பழையகருவி:

பெயிண்டைச் சுரண்டும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேலே கீறலும் மங்கலும் இருந்தால் இருக்கட்டும். அது அந்தக் கருவியின் வயது. பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, அந்தத் தூளை மூச்சில் இழுப்பது யாருக்கும் நல்லதில்லை.

பிக்கப்பை மாற்றுவதையும் கடைசி வழியாக வையுங்கள். அந்தக் காலத்தில் ஒரே தொழிற்சாலை பல இறக்குமதியாளர்களுக்குப் பல பெயரில் கிட்டார் செய்து அனுப்பியது. டெய்ஸ்கோ என்ற ஜப்பான் கம்பெனி செய்ததே டெய்ஸ்கோ டெல் ரே என்றும் வேறு பெயர்களிலும் விற்பனையானது. 1967ல் கவாய் அந்தக் கம்பெனியை வாங்கியது. அதனால் பெயர் இல்லை என்பதை வைத்து மதிப்பு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிக்கப் மூடியின் நடுவில் தங்க நிறத் தகடு தெரிகிறதா? ‘கோல்டு ஃபாயில்’ என்று சொல்வார்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன்னுடைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் கோல்டு ஃபாயிலை எடுத்துப் பொருத்தி வாசித்த பிறகு, மலிவு கிட்டாரில் வந்த அந்தப் பிக்கப்பைத் தேடி அலைகிறவர்கள் பலர். இன்று புதிய கம்பெனிகள் அதைப் பார்த்துச் செய்து விற்கின்றன. நீங்கள் கழற்றிப் போட நினைப்பது அதுவாகவே இருக்கலாம்.

சுத்தம் செய்வதற்கு வருகிறேன். ஸ்க்ரூவைத் தொடும் முன் திருப்புளியைப் பாருங்கள். ஜப்பான் கிட்டாரில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூ பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பல கருவிகளில் அது ஜேஐஎஸ் என்னும் ஜப்பானிய அளவு. ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். துருப்பிடித்து அசையாத ஸ்க்ரூவின் தலையில் சூடான சால்டரிங் அயர்ன் நுனியைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆறியதும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஆனால் பிக்கார்டு (உடம்பின் முன்பக்கத்தைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். பழைய பிக்கார்டு செல்லுலாய்டாக இருந்தால் பட்டென்று தீப்பிடிக்கும். அது சுருங்கி, வெடிப்பு விட்டு, கற்பூர வாடையோ புளித்த வாடையோ அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தையெல்லாம் அரிக்கும், கழற்றித் தனியாகக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஃப்ரெட்டில் பச்சைக் களிம்பு ஏன் வருகிறது என்றால், ஃப்ரெட் கம்பியை நிக்கல் சில்வர் என்று சொன்னாலும் அதில் வெள்ளி கிடையாது, பெரும்பகுதி செம்புதான், கூடவே நிக்கலும் துத்தநாகமும். வியர்வையும் ஈரமும் பட்ட செம்பு பச்சையாகத்தான் செய்யும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் அழுக்கை வழித்தெடுங்கள், பிறகு துணியில் கொஞ்சம் நாப்தா (லைட்டரில் ஊற்றும் திரவம்) நனைத்துத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க 0000 இரும்புக் கம்பளி நன்றாக வேலை செய்யும், ஆனால் அதற்கு முன் பிக்கப் இரண்டையும் மாஸ்கிங் டேப்பால் முழுசாக மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. நெக்கைக் கழற்றியிருக்கும்போதே வேறு இடத்தில் வைத்துச் செய்துவிடுவது இன்னும் நல்லது. ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் என்றால் கடைசியில் சில சொட்டு ஃப்ரெட்போர்டு எண்ணெய் தடவி, கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மேலே வார்னிஷ் பூசிய மேப்பிள் என்றால் எண்ணெயே வேண்டாம்.

உடம்புக்கு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக் கூடாது, லாக்கர் பூச்சு கரைந்துவிடும். எதை உபயோகித்தாலும் முதலில் பிக்கார்டுக்கு அடியில் மறைவான இடத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். குரோம் பாகங்களில் லேசான துரு இருந்தால் சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போகும்.

ஒரு விஷயத்தில் முதலில் பதில் எழுதிய நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 9லிருந்து தொடங்கும் கம்பி இந்தக் கருவிகளுக்கு மிக மெல்லியது. பிரிட்ஜ் கம்பி அழுத்தத்தில் நிற்கும் ரகமாக இருந்தால் வேகமாக மீட்டும்போது பிரிட்ஜ் நகரும், கம்பி அதன் காடியிலிருந்து வெளியே குதிக்கும். இவை தடித்த கம்பிக்காகச் செய்யப்பட்டவை. 11 போடுங்கள்.

மரமும்கம்பியும்:

நியாயமான வாதம். ஆனால் சரி செய்ய முடியாத பட்டை வைத்த நெக்கில் 11 கட்டினால் வளைவு கூடும், அதைத் திருப்பி எடுக்க நம்மிடம் நட்டே இல்லை. என் யோசனை, முதலில் ஷிம். ஷிம் போட்டால் கம்பி இறங்கும், அதைச் சமன் செய்யப் பிரிட்ஜை உயர்த்த வேண்டிவரும், பிரிட்ஜ் உயர்ந்தால் அதன் மேல் கம்பி மடியும் கோணம் கூடும், அழுத்தமும் தானாகக் கூடும். அதன் பிறகு 10 கட்டிப் பாருங்கள். நெக்கும் தாங்கும், பிரிட்ஜும் நிற்கும்.

புதுச்சுருதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். தலைப்பகுதியிலும் அடிமுனையிலும் நட் எதுவும் இல்லை, வெறும் பட்டைதான். வளைவு 0.3 மில்லிமீட்டர் பக்கம், இரண்டு ஈ கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அப்போதே பாதி நிம்மதி. ஷிம் போட்டுப் பிரிட்ஜைக் கொஞ்சம் உயர்த்தி 10 செட் கட்டினேன். 12வது ஃப்ரெட்டில் இப்போது 2 மில்லிமீட்டர்தான். பிரிட்ஜ் நகரவில்லை. எண்ணெயில் ஊறிய கீயும் திரும்புகிறது.

எர்த் வயர் ட்ரெமோலோ தகட்டுக்கு அடியில் பொடிப்பொடியாகப் போயிருந்தது, புதிது வைத்ததும் ஹம் பெரும்பகுதி போய்விட்டது. கேபிள் வழியாக அளந்தால் முன் பிக்கப் 5.8 கிலோ ஓம், பின் பிக்கப் 480 கிலோ ஓம். அதாவது நீங்கள் சொன்ன மாதிரி பாட்டைத்தான் அளந்திருக்கிறேன். சுவிட்ச் நன்றாக இருக்கிறது. பிக்கப்பின் இரண்டு வயரிலும் நேரடியாக வைத்தால் மீட்டர் எதுவுமே காட்டவில்லை. மூடி நடுவில் தங்க நிறத் தகடும் இருக்கிறது! அதனால் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். திறக்கலாமா?

ஈயப்புகை:

திறக்கலாம், ஆனால் அவசரமே இல்லாத ஒரு நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், கையில் உருப்பெருக்கியோடு. காயிலில் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியை விட மெல்லியது, பொதுவாக 0.06 மில்லிமீட்டர் பக்கம். மூடியின் மடிப்புகளை மெல்லிய தட்டைத் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள், உள்ளே திருப்புளியைக் குத்திவிடாதீர்கள். பெரும்பாலான ஊமைப் பிக்கப்புகளில் காயில் நடுவில் அறுந்திருக்காது. மெல்லிய கம்பி தடித்த வயரோடு பற்றவைக்கப்பட்ட முனையில்தான் அரித்து விட்டிருக்கும்.

வெளிச்சுற்றின் முனை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து, முனையில் இருக்கும் எனாமல் பூச்சை நுண்ணிய உப்புத்தாளால் மிக லேசாக நீக்கி, ஈயம் ஒரு பொட்டு வைத்து, வயரோடு சேருங்கள். ரோசின் கலந்த எலக்ட்ரானிக் சால்டர் மட்டும். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் பட்டால் கொஞ்ச நாளில் மறுபடி அரித்துவிடும். இணைத்த இடம் இழுபடாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். உள்சுற்றின் முனை, அதாவது காயில் தொடங்கும் இடம், அறுந்திருந்தால் முழுசாகப் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும். அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், காந்தமும் மூடியும் அப்படியே இருக்கும்.

பிக்கப் கீச்சிடுகிறது என்று மெழுகில் முக்கும் யோசனை யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பாபின் சூட்டில் வளைந்துவிடும்.

புதுச்சுருதி:

வெளிமுனைதான் விட்டிருந்தது! ஒட்டியதும் 6.1 கிலோ ஓம் காட்டியது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் வரும் ஒலி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, இதை மாற்றச் சொல்லிக் கேட்டவன் இனி மாற்ற மாட்டேன்.

ஒரே ஒரு தொல்லை மிச்சம். மூன்றாவது கம்பி, ஜி. விரல் வைக்காமல் சுருதி சரியாக இருக்கிறது, ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏறிவிடுகிறது. மற்ற ஐந்தும் ஏறக்குறைய சரி. பிரிட்ஜ் ஒரே பட்டை, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக நகர்த்த வழியில்லை.

பழையகருவி:

இது கோளாறே இல்லை. அந்தக் காலத்து செட்டில் மூன்றாவது கம்பியும் சுற்றுக் கம்பியாகத்தான் (மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியது) வரும், இன்றைக்கு வரும் 10 செட்டில் அது வெறும் கம்பி. வெறும் ஜி கம்பிக்குப் பிரிட்ஜ் இன்னும் பின்னால் இருக்க வேண்டும், அந்தப் பட்டையில் அதற்கு இடமில்லை. ஒரு சுற்றுக் கம்பி ஜி, 18 அல்லது 20 அளவில், தனியாக வாங்கி அதை மட்டும் மாற்றுங்கள். நட்டின் காடியில் சிக்கினால் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் போதும்.

கட்டிய பிறகு 12வது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஒலியையும் அதே இடத்தில் ஹார்மோனிக்காக மீட்டி வரும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். முதலில் இரண்டு ஈ கம்பிகளுக்கு. அழுத்தியது அதிகமாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பிரிட்ஜ் முனையைக் கொஞ்சம் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு ஓரமும் சரியானால் நடுவில் இருக்கும் நான்கும் ஓரளவு வந்து சேர்ந்துவிடும். பிறகு புது இடத்தில் மறுபடி மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள், அடுத்த தடவை கம்பி மாற்றும்போது வேலை மிச்சம்.